ஆடியில் நின்ற வண்டி

ஆடி மாசத்துல எந்த மடையனாவது கல்யாணம் வைப்பானா? நீங்களே சொல்லுங்க. இந்த ஒரு கேள்வியை, அந்தச் சட்டத்தை எழுதின ரூமுக்குள்ள யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா, ஆவணி ஒண்ணாந்தேதி காலங்காத்தால நான் நடுத்தெருவுல நின்னு மண்ணை வாரித் தூத்தியிருக்க மாட்டேன்.

நாங்க எட்டுப் பொம்பளைங்க, கல்யாணச் சமையல் பண்றோம். சேலத்துல கோகிலா செட்டுன்னு கேட்டா எங்களைக் காட்டுவாங்க. கோகிலவாணிங்கறது நான்தான். செட்டுக்குன்னு இருக்கற ஒரே சொத்து ஒரு வேன். ஓட்டவும் ஓட்டலாம், உக்காந்து இடத்தைச் சொன்னா அதுவாவும் போகும், பேசவும் பேசும். அந்தக் காலத்துல வந்த பேசற வண்டிகள்ல இதுவும் ஒண்ணு, ரொம்பப் பழசு. சம்பூர்ணம்னு பேர் வெச்சிருக்கோம்.

ஆனி மாசக் கடைசி முகூர்த்தம் முடிஞ்சதும் கரண்டி, ஜல்லிக்கரண்டி, அன்னக்கூடை எல்லாத்தையும் தேச்சுக் கழுவி, மஞ்சத் துணியில கட்டி, அண்டாவோட அண்டாவா வண்டிக்குள்ள வெச்சுப் பூட்டிருவோம். அப்புறம் ஆவணி பொறக்கற வரைக்கும் யாரும் அதைத் தொடமாட்டோம். ஆடியில வேலை ஏது? ஆளாளுக்கு அம்மா வீடு, குலதெய்வம் கோயில், கூழு ஊத்தறதுன்னு கிளம்பிருவோம். சம்பூர்ணமும் எங்க தெரு முக்குல நிம்மதியா நிக்கும்.

இந்த வருசமும் அப்பிடித்தான் பூட்டிட்டுப் போனோம். ஆவணி பொறந்ததும் சூடம், எலுமிச்சம்பழம், பூசணிக்காய் சகிதமா எட்டுப் பேரும் வந்து நின்னா, முக்கு காலியா இருக்கு. வண்டி நின்ன அளவுக்குத் தரை மட்டும் வெளுத்துக் கெடக்கு.

பக்கத்துல தையக்கடைக்காரர் தலையை நீட்டினாரு. "நேத்தே தூக்கிட்டுப் போயிட்டாங்களேம்மா! உங்களுக்குத் தெரியாதா? மாநகராட்சியோட இழுவை வண்டி. ஆளே வரல. அதுவா வந்துச்சு, அதுவா கொக்கி மாட்டுச்சு, போயிருச்சு."

நாளான்னிக்கு ஆத்தூர்ல கல்யாணம். ஆயிரத்தைநூறு இலை. பாத்திரம் பூராவும் வண்டிக்குள்ள இருக்கு.

எங்கள்ல சின்னவ துளசி. முப்பது வயசு, வாய் ஜாஸ்தி. அவதான் போன்ல தேடிப் படிச்சா. "அக்கா, ஒரு மாசம் அசையாம தெருவுல நின்னா அது கைவிடப்பட்ட வண்டியாம். தூக்கிட்டுப் போய் மீட்பு நிலையத்துல வெச்சிருப்பாங்களாம். போன வருசம் வந்த சட்டமாம்."

"கைவிடப்பட்டதா? ஏண்டி, எம் புருசனைக் கைவிட்டாலும் விடுவேன், சம்பூர்ணத்தை விடுவனா?"

"அதை மாமா முன்னாடி சொல்லாதீங்க."

"அவருக்கே தெரியும், வா போலாம்."

சிரிச்சுட்டேனே ஒழிய எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான். ஏன்னு சொல்றேன். சம்பூர்ணம் எங்களோடதுதான். ஆனா பதிவுல எங்க பேர் இல்ல. குழந்தைவேல்னு ஒரு காண்ட்ராக்டர். எட்டுப் பேரும் ஒருகாலத்துல அந்தாளுகிட்டத்தான் கரண்டி புடிச்சோம். சாம்பார்ல உப்புக் குறைஞ்சா பந்தி முன்னாடி நிக்க வெச்சுத் திட்டுவான். ஒருதடவை ஜெயந்தி அக்கா மேல, எங்க எல்லாருக்கும் மூத்தவங்க மேல, ரசக் கரண்டியை விட்டெறிஞ்சான். அன்னிக்கே எட்டுப் பேரும் துணியை உதறிட்டு வெளிய வந்தோம். அவன் ஓட்டிப் பழசாக்கின வண்டியை நாங்கதான் முழுசாக் காசு குடுத்து வாங்கினோம். பேர் மாத்தித் தர்றேன் தர்றேன்னு இழுத்தடிச்சான், இன்னிவரைக்கும் மாத்தல. நல்ல முகூர்த்தம் எங்களுக்கு வந்தா உடனே போன் வரும். "அந்தக் கல்யாணத்தை எனக்கு விட்டுரு கோகிலா. வண்டி யார் பேர்ல இருக்குன்னு ஞாபகம் இருக்கட்டும்." நாங்களும் வாயை மூடிட்டு விட்டுருவோம். ஸ்டேசனுக்குப் போனா, பேர் இருக்கறவருக்குத்தான் வண்டி சொந்தம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வண்டி போச்சுன்னா மறுபடி அவன்கிட்டயே போய்க் கரண்டி புடிக்கணும். அதுக்கு நான் செத்தே போயிருவேன்.

மீட்பு நிலையம் ஊருக்கு வெளிய, ஒரு பெரிய பொட்டல். வரிசையா வண்டிங்க. பைக்கு, காரு, ஆட்டோ, ஐஸ் வண்டி. நாங்க நடந்து போகப் போக ஒவ்வொண்ணா லைட்டைப் போட்டுப் பாக்குதுங்க, தன்னோட ஆளான்னு. இல்லேன்னு தெரிஞ்சதும் அணைச்சுக்குதுங்க. ஜெயந்தி அக்கா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டாங்க.

"யாரும் வரலேன்னா என்ன பண்ணுவாங்க?" ஜெயந்தி அக்கா கேட்டாங்க.

"ஞாபகத்தைத் துடைச்சுட்டு ஏலம் விட்டுருவோங்க." பதில் சொன்னது அங்கிருந்த அதிகாரி. ஷாகிதான்னு பேர், நாப்பது வயசு இருக்கும். தூக்கமில்லாத முகம், ஆனா குரல்ல மரியாதை இருந்துச்சு. "துடைச்சப்புறம் அது வெறும் வண்டிதான், யாரையும் தெரியாது. உக்காருங்கம்மா, உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இருக்காரு."

முன்னாடி இருந்தவர் பெரிய ஆளு. நகைக்கடை வெச்சிருக்கறவரு போல, பளபளன்னு ஒரு காரைக் கேட்டு நிக்கறாரு. ஓரமா அவரோட டிரைவர், கையைக் கட்டிக்கிட்டு. அதிகாரி அவரைக் காருக்குள்ள உக்காரச் சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல கார் சொல்லுச்சு: "இவர் பின்சீட்டுல வர்றவர். ஓட்டினதும் கழுவினதும் முருகேசன் அண்ணன்." அவ்வளவுதான். கார் முருகேசனுக்கே எழுதியாச்சு. அந்தப் பெரிய மனுசன் குதிச்ச குதி இருக்கே! முருகேசன் சாவியை வாங்கிட்டு அழுதுட்டாரு.

"என்னங்க இது, இப்பிடி ஒரு சட்டமா?" எனக்கு நம்பவே முடியல.

"பத்திரம், ரசீது எல்லாத்தையும் போலியாப் பண்ணிடறாங்கம்மா. எதையும் நம்ப முடியல. அதனால கைவிடப்பட்ட வண்டிக்கு மட்டும் இந்தச் சட்டம். வண்டிக்குள்ள பழக்கப் பதிவுன்னு ஒண்ணு இருக்கு. யார் ஓட்டினாங்க, எப்பிடி உக்காந்தாங்க, எப்பிடிக் கூப்பிட்டாங்க, யார் துடைச்சாங்க, எல்லாம் அதுல பதிஞ்சிருக்கும். யார் பங்கு அதிகமோ அவங்களுக்குத்தான் வண்டி. பழைய பேர் யாரோடதா இருந்தாலும் செல்லாது."

எனக்கு உடம்பெல்லாம் குளுந்துருச்சு. ஆகா, மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டாடா! துளசி என் கையைப் புடிச்சு நசுக்கிட்டா. பேர் செல்லாதாமே! இத்தனை வருசமா எங்க கழுத்துல கெடந்த கயிறு அறுந்துருச்சேன்னு நெனச்சேன்.

அந்தச் சந்தோசம் மூச்சு விடற நேரம்கூட நிக்கல. பின்னாடி செருப்புச் சத்தம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில போன். குழந்தைவேல்.

"என்ன கோகிலா, சௌக்கியமா? நோட்டீஸ் எம் பேருக்குத்தான் வந்துச்சு. என் வண்டியை நான் பாக்க வரவேணாமா?"

சோதனை நடந்துச்சு. முதல்ல அவன் உக்காந்தான். சம்பூர்ணத்தோட குரல் கேட்டு எத்தனை நாளாச்சு! ஆனா அது எங்களைப் பாத்துப் பேசல. சட்டப்படி, கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லணுமாம். "குழந்தைவேல். பங்கு, நூத்துக்கு நாப்பது."

அப்புறம் நான். "கோகிலவாணி. பங்கு, எட்டு."

ஜெயந்தி அக்காவுக்கு ஆறு. துளசிக்கு ஏழு. எட்டுப் பேரும் ஏறி எறங்கினோம். ஒருத்தருக்கும் பத்தைத் தாண்டல. எப்பிடித் தாண்டும்? நாங்க முறை வெச்சில்ல ஓட்டுவோம்! ஒருத்தி ராத்திரியெல்லாம் அடுப்புல நின்னா இன்னொருத்தி ஓட்டணும். ஒருத்தியே ஓட்டினா தூங்கி விழுந்து எல்லாரும் போய்ச் சேரவேண்டியதுதான். அவன் ஒருத்தனா ஓட்டினவன். யாரையும் ஸ்டியரிங் தொட விடமாட்டான். அதுவே இப்ப அவனுக்குச் சாதகமாப் போச்சு பாருங்க, என்ன அநியாயம்!

அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டுச் சிரிச்சான். "ஆத்தூர்க் கல்யாணத்தை நான் பாத்துக்கறேன். நீங்களும் வாங்க, பழையபடி. எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல."

"யோவ்!" என்னையறியாம வந்துருச்சு. "உன் அடுப்புல திரும்ப நிக்கறதுக்கு நான் அந்த அண்டாவுக்குள்ளயே குதிச்சிருவேன்!"

"அம்மா, உக்காருங்க." அதிகாரி கையைக் காட்டினாங்க. அவங்களுக்கும் முகம் வாடிருச்சு. "எனக்குப் புரியுது. ஆனா தனி நபர்னா அவருக்குத்தான் அதிகம். பங்கைச் சேத்து எண்ணணும்னா அது ஒரு குடும்பமா இருக்கணும். நீங்க எட்டுப் பேரும் சொந்தமா?"

"இல்லைங்க. எட்டு வீடு, எட்டுச் சாதி, எட்டுப் பிடிவாதம்."

"அப்ப நான் என்ன பண்ண முடியும்?"

நான் எழுந்திருச்சுப் போயிருக்கணும். அப்பிடிப் போற ரகமா நான்? அரிசி கொதிக்கலேன்னா விறகைத் தள்ளறவ. "மேடம், குடும்பம்னா உங்க சட்டத்துல யாரு? ரத்தம்னு போட்டிருக்கா?"

"இருங்க, பாத்துச் சொல்றேன்." அவங்க திரையில தேடினாங்க. தேடிட்டே இருந்தாங்க. சட்டுனு நிமிந்து என்னைப் பாத்தாங்க. "ரத்தம்னு இல்லம்மா. மக்கள்தொகைக் கணக்கு எடுக்கறதுல சொல்ற அதே அர்த்தத்தைத்தான் எடுத்து வெச்சிருக்காங்க. ஒரே அடுப்புல சமைச்சு ஒண்ணாச் சாப்பிடறவங்க."

எட்டுப் பேரும் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்துக்கிட்டோம்.

"மேடம்," துளசி எழுந்து நின்னுட்டா, "நாங்க வேற என்னத்தைப் பண்றோம்?"

குழந்தைவேல் பாய்ஞ்சான். "அது தொழில்! கூலிக்குச் சமைக்கறது குடும்பமா? அப்ப ஓட்டல்ல வேலை பாக்கறவனெல்லாம் அண்ணன் தம்பியா?"

"அதுவும் சரிதான்," அதிகாரி சொன்னாங்க. "அடுத்தவங்களுக்குச் சமைச்சா மட்டும் போதாது. ஒண்ணாச் சாப்பிட்டிருக்கணும், வழக்கமா. அதுக்குச் சாட்சி வேணும்."

"சாட்சி இதோ நிக்குதே!" நான் சம்பூர்ணத்தைக் காட்டினேன். "அதுகிட்டயே கேளுங்க."

இங்க ஒரு விசயம் உங்களுக்குச் சொல்லணும். கல்யாணச் சமையக்காரங்க பந்தியில உக்கார மாட்டோம். கடைசிப் பந்தி எந்திரிச்சு, இலை எடுத்து, அடுப்பை அணைச்சப்புறம்தான் எங்களுக்குச் சாப்பாடு. மண்டபத்துல அப்ப இடமும் இருக்காது, மரியாதையும் இருக்காது. அதனால அன்னக்கூடையில, அதான் சோறு எடுத்துப் போற எவர்சில்வர் கூடையில, மிச்ச சோத்தைப் போட்டு, மேல சாம்பாரை ஊத்தி, வண்டிக்குள்ள கொண்டுபோய் வெச்சுச் சுத்தி உக்காந்துக்குவோம். எட்டுக் கையும் ஒரே கூடைக்குள்ள போகும். அன்னிக்கு யார் வீட்டுல என்ன சண்டை, யார் புள்ளைக்கு என்ன ஜுரம், எல்லாம் அங்கதான் பேசுவோம். வருசக்கணக்கா இதான்.

அதிகாரி வண்டிகிட்டப் போய் நின்னு கேட்டாங்க. "இவங்க எட்டுப் பேரும் எங்க சாப்பிடுவாங்க? முழுசாச் சொல்லலாம்."

முழுசாச் சொல்லலாம்னதுதான் தாமதம். மடை தொறந்துருச்சு.

"எனக்குள்ளதாங்க சாப்பிடுவாங்க. வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும். ஒரு கூடை, எட்டுப் பேரு. ஜெயந்தி அக்காவுக்குப் பல்லு வலின்னு குழைஞ்ச சோத்தை அவங்க பக்கம் தள்ளுவாங்க. துளசி அப்பளத்தை முந்தானைக்குள்ள ஒளிச்சு வெக்கும், அது எல்லாருக்கும் தெரியும், யாரும் கேக்க மாட்டாங்க. கோகிலா அக்கா மத்தவங்களைத் திட்டித் திட்டித் திங்க வெச்சுட்டுக் கடைசியாத்தான் கை வெக்கும். ஒருத்தருக்கு வேலையில்லேன்னாலும் அவங்க பங்கைத் தூக்குவாளியில எடுத்து வெச்சுப் போற வழியில குடுத்துட்டுத்தான் போவோம். வந்தவங்க அத்தனை பேரும் கை வெக்காம என்னைக் கிளப்பினதே இல்லைங்க."

துளசி முந்தானையை முகத்துல போட்டுக்கிட்டா. ஜெயந்தி அக்கா அழுதுக்கிட்டே சிரிக்கறாங்க.

அதிகாரி மெதுவாக் கேட்டாங்க. "குழந்தைவேல் எங்க சாப்பிடுவாரு?"

"அவரு மொதப் பந்திங்க. மாப்பிள்ளை வீட்டாரோட."

அந்தப் பொட்டல்ல நின்ன முருகேசன் உட்பட எல்லாரும் கைதட்டிட்டாங்க. அதிகாரி எட்டுப் பங்கையும் சேத்துக் கூட்டிப் பாத்தாங்க. நாப்பதைத் தாண்டி எங்கயோ போயிருச்சு. அவங்க திரையில விரலை வெச்சுச் சொன்னாங்க: "இந்த வண்டி இந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். உரிமையாளர் எட்டுப் பேர். பழைய பதிவு ரத்து."

ரத்து! அந்த வார்த்தை எவ்வளவு இனிப்பா இருந்துச்சு தெரியுமா? நான் போட்ட எந்தப் பாயாசமும் அவ்வளவு இனிச்சதில்ல. துளசி ஓன்னு கத்தினா. நாங்க ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கிட்டு அங்கயே ஒரு சுத்து ஆடிட்டோம், வயசுக்கு மரியாதை இல்லாம. அவன் எப்பப் போனான்னே தெரியல.

சாவியை வாங்கும்போது எனக்குப் பழைய கோவம் திரும்ப வந்துச்சு. "மேடம், உங்களுக்குக் கோடி புண்ணியம். ஆனா எங்க வண்டியைக் கைவிட்டதா உங்களுக்குச் சொன்னது எந்தக் கேமரா? அதை மாட்டினவனை நான் நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன். ஆடின்னா என்னன்னு தெரியாதா அவனுக்கு?"

அவங்க திரையை என் பக்கம் திருப்பினாங்க. "கேமரா இல்லம்மா. பேசற வண்டின்னா அதுவே தகவல் குடுக்கலாம். உண்மையை மட்டும்தான் சொல்லணும். உங்க வண்டி சொன்னதும் உண்மைதான். ஒரு மாசமா என்னை யாரும் எடுக்கல, அவ்வளவுதான் சொல்லியிருக்கு." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாங்க. "விக்கறவரு கையெழுத்துப் போடாம பேர் மாறணும்னா, நாட்டுல இருக்கற ஒரே வழி இந்தச் சோதனைதான். கைவிடப்பட்ட வண்டிக்குத்தான் இது நடக்கும். நான் ஒண்ணும் சொல்லல. போய்ட்டு வாங்க."

நான் முன்சீட்டுல ஏறி உக்காந்தேன். மத்தவங்க பின்னாடி பாத்திரத்தைத் தடவிப் பாத்துட்டு, கும்மாளம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. வண்டி ரோட்டுக்கு வந்துச்சு. நான் ஸ்டியரிங்கைத் தொடல, அதுவாத்தான் போச்சு.

"ஏண்டி சம்பூர்ணம்."

"சொல்லுங்கக்கா."

"நீயேவாடி போன?"

"ஆமாக்கா. முகூர்த்தம் இருக்கற மாசத்துல போனா உங்க பொழப்பு கெட்டுரும். அதான் ஆடி முடியற வரைக்கும் பொறுத்தேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்த இடத்துல என் உசுரு போயி உசுரு வந்துச்சு!"

"உங்களுக்கு ரகசியம் தங்காதுக்கா. முகமே சொல்லிரும்."

உண்மைதான். கடுப்பாத்தான் வந்துச்சு, ஆனா உண்மை. அப்புறம்தான் அந்த நெனப்பு வந்துச்சு.

"அடியேய், அங்க நாங்க வராமயே இருந்திருந்தா? ஒண்ணு அந்தாளு தள்ளிட்டுப் போயிருப்பான், இல்லேன்னா உன்னைத் துடைச்சிருப்பாங்களேடி. நீ யாரு, நாங்க யாருன்னே தெரியாம போயிருக்குமே. எந்தத் தைரியத்துலடி போன?"

சம்பூர்ணம் ஒரு வேகத்தடையைப் பதமா ஏறி எறங்கினப்புறம் சொல்லுச்சு.

"ஒருத்தர் வர்றதுக்குக் கொஞ்சம் லேட் ஆனாலும், அவங்க வர்ற வரைக்கும் நீங்க சாப்பிட மாட்டீங்கல்லக்கா. அதைப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு நம்பிக்கை. என்னையும் விட்டுட்டுச் சாப்பிட மாட்டீங்கன்னு தெரியும்."

எனக்குக் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. இதுவரைக்கும் யாரும் என்னை அப்பிடி நம்பினதில்ல, என்னைப் பெத்தவங்க உட்பட. பின்னாடி திரும்பி, "ஏ, காலையிலருந்து யாராவது ஏதாவது சாப்பிட்டீங்களா?"ன்னு கத்தினேன். ஒருத்தியும் சாப்பிடல. வழியில ஒரு கடையில எலுமிச்சை சாதம் கட்டி வாங்கினோம். மஞ்சத் துணியை அவுத்து, அன்னக்கூடையை எடுத்து நடுவுல வெச்சுக் கொட்டினோம். எட்டுக் கையும் உள்ள போச்சு.

"கடைசியாக் கோகிலா அக்காவும் கை வெச்சாச்சா?" சம்பூர்ணம் கேட்டுச்சு.

"வெச்சுட்டேன், கிளம்பு"ன்னேன்.